மீந்த கிண்ணங்கள்

எங்கள் கோயிலில் முன்பு ஒரே பாத்திரம்தான் இருந்தது. தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; இயேசுவின் கடைசி விருந்தை நினைத்துத் திராட்சை ரசம் குடிப்பார்கள். முன்னால் முழங்கால் போட்டிருப்பவர்களின் உதட்டருகே ஆயர் அந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோவார். ஒருவர் குடித்ததும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். கொரோனா வந்து போன பிறகு அது அலமாரிக்குள் போய்விட்டது. பதிலுக்குக் கட்டை விரல் உயரத்தில் சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களும், அவற்றை நிற்க வைக்கத் துளை போட்ட தட்டும் வாங்கினார்கள். கிண்ணம் என்று வந்தால் கழுவ ஆள் வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது.

என்னிடம் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். திருவிருந்து நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தே இருக்கிறவள் நான். எங்கள் கோயில் சின்னது. வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து போகும்போது யார் எழுந்திருக்கவில்லை என்பதை மறைக்க முடியாது. ஆரம்பத்தில் கேட்டார்கள். நான் சிரித்து வைப்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறாளே, ஒரு வேலை கொடுத்தால் சங்கடமில்லாமல் இருக்குமே என்று யாரோ நல்ல மனதோடு நினைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஆயரம்மா கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி வைப்பார். ஞாயிறு காலையில் நான் அதைக் கிண்ணங்களில் ஊற்றுவேன். ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் உட்கார்ந்து கழுவுவேன். முதல் தடவை அலசுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டேன். ஜெபம் பண்ணி ஆசீர்வதித்த ரசம் அதில் இருக்கிறது. அதைச் சுவரோரம் இருக்கிற நந்தியாவட்டைச் செடியின் அடியில் ஊற்றுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று கைக்குத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மாதம் தவறாமல் எழுந்து போய் வாங்குவார். என்னைப் பார்த்து அடிக்கடி சொல்லுவார்: "இன்னாமே, ஊருக்கெல்லாம் எல போட்டுப் பரிமாறிகினே கீற. உன் எலைல மட்டும் ஒண்ணும் இல்ல."

நான் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு நிறையத் தெரியும். முன்னால் போவதற்கு முன் சிலர் உள்ளங்கையைப் புடவையில் தேய்ப்பார்கள். சிலர் கொட்டாவியை அடக்கிக்கொண்டே போவார்கள். என் வீட்டுக்காரர் விரலால் தலையை வாரிக்கொள்வார். போன வருடம் வந்த ஆயர் இளவயதுக்காரர், நன்றாகப் பேசுவார், பிரசங்கத்தில் சிரிக்க வைப்பார். ஆனால் தட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது கிண்ணங்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். அவர் கை நடுங்குகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். கடைசி வரிசையில், செருப்புகள் கிடக்கும் வாசலுக்குப் பக்கத்தில், இன்னொருவரும் எழுந்திருப்பதில்லை. அவர் என் சித்தப்பா. எங்கள் நைனாவின் தம்பி. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா இறந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கோயில் இருக்கிற ஊர்தான் எங்கள் ஊர். எங்களுக்குச் சொந்தமாக ஒரு வரப்புகூடக் கிடையாது. நைனாவும் சித்தப்பாவும் மற்றவர்கள் கழனியில் கூலிக்குப் போனவர்கள். அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகளில் எங்களுக்கு ஒன்று, பக்கத்திலேயே சித்தப்பாவுக்கு ஒன்று. சித்தப்பா ஆடு கட்டுவதற்காகத் தன் வீட்டுப் பக்கச் சுவரிலிருந்து தகரம் இறக்கினார். மழை பெய்தால் அந்தத் தகரத்துத் தண்ணீர் முழுவதும் நடுச்சந்தில் கொட்டி எங்கள் சுவரில் அடிக்கும். சுவர் ஊறி, உள்பக்கம் சுண்ணாம்பு பெயர்ந்து, என் பள்ளிக்கூடப் பை பூசணம் பிடித்தது. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது. பிறகு பேச்சே நின்றுபோனது.

எங்கள் ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. திருவிருந்துக்கு முந்தைய சனிக்கிழமை, யாரோடு மனவருத்தம் இருக்கிறதோ அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் கேட்க வேண்டும். கேட்காமல் மறுநாள் திருவிருந்து மேசைக்குப் போகக் கூடாது. எங்களுக்கு வகுப்பு எடுத்த உபதேசியார் அதைக் கண்ணை உருட்டிச் சொல்லுவார். தகுதியில்லாமல் வாங்குகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே தண்டனையை வாங்கிக்கொள்கிறார்கள் என்பார். படுக்கையில் விழுந்தவர்கள் உண்டு, செத்தவர்களும் உண்டு என்பார். நாங்கள் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நைனா தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்: "எங்க போயி ஊத்திகினு வர? நாளைக்குக் கோயிலுக்குப் போவணும்னு நெனப்பு கீதா உனுக்கு?"

நைனா பதில் சொல்லவில்லை. துண்டால் தலையைத் துவட்டினார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவர் குடிக்காத மனிதர் இல்லை, எப்போதாவது உண்டு. அன்று வாசனை அடித்ததா என்று நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மழை வாசனைதான் நினைவில் இருக்கிறது.

மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முழங்கால் போட்டு வாங்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மத்தியானம் நாற்று நடுகிற இடத்தில் இடி விழுந்தது. வரப்பில் நின்று நாற்றுக் கட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த நைனா மட்டும் போய்விட்டார். கூட இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

துக்கத்துக்கு வந்த ஒரு பெண் மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கூடப் பொறந்தவனோட பேச்சுவார்த்த இல்லாம போய்க் கைய நீட்டுனான். ஆண்டவரு வச்சிகினு இருப்பாரா?"

அவள் கெட்டவள் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள். அவளுக்கும் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான். எனக்குத்தான் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. தம்பியோடு பேசாமல் போனதை ஊர் சொன்னது. முந்தின நாள் குடித்துவிட்டு வந்தது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்தது.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே எனக்குத் திடப்படுத்தல் ஆனது, சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற சடங்கு. அன்று முதல் தடவையாகத் திருவிருந்து வாங்க வேண்டும். வெள்ளைப் புடவை கட்டி வரிசையில் போனேன். படிக்கட்டு வரை போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. கல்யாணமாகி, புதுப்பட்டினத்தில் குடியேறி, பக்கத்தில் இருக்கிறது என்று மறுபடியும் இதே கோயிலுக்கே வந்து சேர்ந்த பிறகும் இல்லை.

எனக்கு ஆண்டவர்மேல் நம்பிக்கை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் ஜெபம் பண்ணாத நாள் கிடையாது. ஆனால் ஜெபத்திலும் தள்ளி நின்றுதான் பேசுவேன், பெரிய அதிகாரியின் அறை வாசலில் நிற்கிற மாதிரி. எனக்குள் ஒரு கணக்கு தீராமல் இருந்தது. அந்த மேசை ஆபத்தில்லாதது என்றால் நைனா காரணமே இல்லாமல் செத்தார். ஆபத்தானது என்றால் நைனா கெட்டவர். இதில் எதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் நான் வேலை செய்யும் துணிக்கடையின் முதலாளி ஒரு பாய். அவர் தங்கள் வேதத்தைப் பச்சைத் துணியில் சுற்றி அலமாரியின் உச்சியில் வைத்திருப்பார். கை கழுவாமல் தொடமாட்டார். எடுக்கும்போது இரண்டு கையாலும் எடுப்பார். எடுத்துப் பிரித்துவிட்டால் முகம் இளகிவிடும். சொந்தக்காரர் வீட்டுத் திண்பண்டத்தைப் பிரிக்கிறவர் மாதிரி இருக்கும். இந்த மனிதருக்குப் பயமும் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது, இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது என்று நான் துணியை மடித்துக்கொண்டே பார்ப்பேன். கேட்டதில்லை. எனக்குக் கேட்க வராது.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலிருந்தே மழை. கடலில் ஏதோ தாழ்வு என்று டிவியில் சொன்னார்கள். நான் வழக்கம்போல எல்லாக் கிண்ணத்திலும் ஊற்றி வைத்துவிட்டேன். ஆட்கள் பாதிகூட வரவில்லை. திருவிருந்து முடிந்து கடைசிப் பாட்டுப் பாடும்போதே ஆயரின் போன் அடித்துக்கொண்டிருந்தது. சபைக்காரர் ஒருவர் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார், அவருக்கு ரொம்ப முடியவில்லை. ஆயர் அங்கியைக் கழற்றி, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"அம்மா, மீந்தத நீங்களே எடுத்துட்டு, கழுவி வச்சிடுங்க. கொட்டிடாதீங்க."

வண்டி கிளம்பிவிட்டது. வழக்கமாக மீதியை ஆயரும் கமிட்டிக்காரர்களும் குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் தட்டு என் கைக்கு வரும். அன்று கமிட்டிக்காரர்களும் மழைக்குப் பயந்து முன்னாடியே போய்விட்டார்கள். நான் வாங்குவதில்லை என்பது புது ஆயருக்கு மறந்துபோனதா, தெரிந்தேதான் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

பக்கத்து அறையில் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன். ஆசீர்வதித்த கிண்ணங்கள், நிறைய. குடிக்க என்னால் முடியாது. கொட்டவும் முடியாது. அலசிய தண்ணீரையே சாக்கடையில் விடாதவள் நான், ரசத்தைக் கொண்டுபோய் எங்கே ஊற்றுவேன். அப்படியே வைத்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். அதற்குள் கறுப்பு எறும்பு ஒன்று தட்டின் விளிம்பில் ஏறிவிட்டது. அதை ஊதித் தள்ளிவிட்டு வெள்ளைத் துணியால் மூடினேன். எந்தப் பக்கம் போனாலும் பயம்தான். கடல் பக்கமாக இடி உருண்டது.

கதவருகே செருமல் கேட்டது. சித்தப்பா நின்றிருந்தார். எல்லாரும் போன பிறகும் வாசல் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்திருக்கிறார்.

"பொண்ணே, பிளாஸ்டிக் கவரு ஏதுனா கீதா? தலைல மாட்டிகினு போயிடறன்."

கல்யாணம், சாவு தவிர நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஸ்தோத்திரம் சொல்லுவார், நானும் சொல்லுவேன். நான் பையிலிருந்து ஒரு துணிக்கடைக் கவரை எடுத்துக் கொடுத்தேன். அவர் தட்டைப் பார்த்தார்.

"இன்னும் கழுவலியா?"

"மீந்துட்சி சித்தப்பா. குடிச்சிட்டுக் கழுவச் சொல்லிட்டு ஐயா போயிட்டாரு."

"குடிச்சிடேன்."

"நான் வாங்கறதில்லயே."

"அது தெரியும்." தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்கு நேரமானது. "வாங்காதவங்க இந்தக் கோயில்ல ரெண்டே பேரு. தேடிப் புட்ச்சி அவங்க கைல குட்த்துட்டுப் போயிருக்காரு பாரு. விரதம் இருக்கறவங்களாண்ட பிரியாணி அண்டாவ வுட்டுட்டுப் போன மாரி."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே இருவரும் அடக்கிக்கொண்டோம். அவர் கூரையைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க ஆண்டவரே" என்றார்.

அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார், நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

"நீ ஏம்மா போறதில்ல? நான் கேட்டதேயில்ல."

நான் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னேன். வாய் விட்டு யாரிடமும், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாதது. "நைனா சனிக்கெழம குடிச்சிட்டு வந்துச்சி. மறுநாளு போயி வாங்குச்சி. திங்கக்கெழம..."

"குடிச்சிட்டா? எவ சொன்னா?"

"அம்மாதான். நனஞ்சிகினு வந்துச்சி. எங்க போனன்னு கேட்டதுக்குப் பேசவேயில்ல."

சித்தப்பா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆயர் உட்காருகிற நாற்காலி என்று நினைவு வந்ததும் எழுந்து ஸ்டூலுக்கு மாறினார். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு அவன் என் வூட்டாண்டதான் வந்தான்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.

"கதவ சாத்திகினு உள்ள படுத்துகினு இருந்தன். வந்து தட்னான். 'டேய் தெறடா, நாளைக்கு மேச. உன்னாண்ட பேசாம நான் போவ முடியாது'ன்னான். நான் தூங்கற மாரி கெடந்தன். சந்து பக்கமா ஜன்னலாண்ட வந்தான். தகரத்துத் தண்ணி அப்டியே அவன் தலைல கொட்டுது. நவுரல. தகரத்து மேல மழ சத்தம், உங்க வூட்டுக்குக் கேட்டிருக்காது. 'தண்ணி எங்க வோணா வுழுவட்டும்டா, செவுரு போனா போவுது. நீ நாளைக்கு வந்துடு'ன்னான். உங்க சித்தி எழுந்து தெறக்கப் போனா. நான்தான் கையப் புட்ச்சி உக்கார வச்சிட்டன். அவன் ரொம்ப நேரம் நின்னான். குடிச்சவன் கொரலு எனக்குத் தெரியாதா? தெளிவா பேசுனான்."

சொட்டச் சொட்ட வந்து தலையைத் துவட்டியவர், அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாதவர், தம்பி கதவைத் திறக்கவில்லை என்று எப்படிச் சொல்லுவார்? வெட்கமாக இருந்திருக்கும்.

"ஏன் சித்தப்பா சொல்லவேயில்ல?"

"யாராண்ட சொல்றது? ஊரே அவனப் பேசுச்சி. என்ன ஒருத்தரும் பேசல. நான் வாயத் தெறந்தா, அப்போ உனுக்கு வுழ வேண்டிய அடிடா அதுன்னு சொல்லுவாங்க. எனக்கே அதான் பயம். ஆளு மாறி வுழுந்துட்சின்னு. இல்லாட்டி என்னோடது இன்னும் பாக்கி கீதுன்னு." வெளியே காட்டினார். "மழைக்கா இவ்ளோ நேரம் நிக்கறன்? மழைல நனஞ்சா கரைஞ்சிடுவனா? இடி இடிக்குது. இடி நின்னாதான் நான் வெளிய காலு வெப்பன். அன்னிலேந்து அப்டித்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கக் கூடாது. நைனா குடித்துவிட்டுப் போய் வாங்கினார் என்று நம்பிக்கொண்டே அம்மா செத்துப்போனாள். இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். நரைத்த தலை, கையில் நான் கொடுத்த துணிக்கடைக் கவர், இடிக்குப் பயந்து சுருங்கிய தோள். நான் முன்வரிசைப் பெஞ்சிலும் அவர் கடைசிப் பெஞ்சிலுமாக ஒரே இடிக்குப் பயந்துதான் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தோம். கோபம் முழுவதும் போகவில்லை. அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு நைனாவைப் பற்றி நினைத்தேன். அவரும் பயந்தார். பயந்ததால்தான் மழையில் தம்பி வீட்டு ஜன்னலில் போய் நின்றார். அது அடி விழும் என்ற பயம் மட்டுமாக இருக்க முடியாது. அடிக்குப் பயந்தவர் என்றால் மறுநாள் மேசைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம், என்னை மாதிரி. ரசம் நிறைந்த தட்டை ஈரத் தரையில் தூக்கிக்கொண்டு நடக்கும்போது எனக்கு ஒரு பயம் வரும். தட்டு என்னைக் கடித்துவிடும் என்பதால் வருகிற பயமில்லை அது. அதில் இருப்பது சிந்தக் கூடாதே என்கிற பயம். நைனாவுடையது அந்த மாதிரிதான் இருந்திருக்கும். ஆயரின் கை நடுங்குவதும் அதனால்தானோ என்னவோ. எனக்குப் படிப்பு அவ்வளவு இல்லை, இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. நைனா ஏன் இடியில் போனார் என்பதும் எனக்கு இன்னும் தெரியாது. அவர் மேசைக்கு எப்படிப் போனார் என்பது தெரிந்துவிட்டது.

எழுந்து கை கழுவினேன். ஈரத்தைப் புடவையில் தேய்த்தேன். தேய்த்த பிறகுதான் மற்றவர்கள் தேய்ப்பதைப் பெஞ்சிலிருந்து பார்த்தது ஞாபகம் வந்தது. துணியை விலக்கி ஒரு கிண்ணத்தை எடுத்தேன். கண்ணை மூடி, நைனா என்றேனா, ஆண்டவரே என்றேனா, நினைவில்லை. குடித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கம் மறுபடியும் இடி உருண்டது. சித்தப்பா கவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஒண்ணும் ஆவலியே?"

"இல்ல சித்தப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "சக்கர ஜாஸ்தி."

தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தலையை அசைத்தார். "நான் அவனாண்ட பேசாம எப்டி வாங்கறது? பேசறதுக்கு அவன் இல்லியே." நான் வற்புறுத்தவில்லை. அந்தப் பெஞ்சு எனக்குத் தெரியும்.

ஆட்டோ ஹாரன் கேட்டது. வீட்டுக்காரர் நனைந்த தலையோடு எட்டிப் பார்த்தார். "இன்னாமே, இன்னும் கழுவிகினே கீற? இன்னா மாமா, நீங்களும் ஒத்தாசைக்கு வந்துட்டீங்களா?" மீந்ததைக் காட்டினேன், ஆயர் சொன்னதைச் சொன்னேன். "காலைலதான வாங்கினன். இவ்ளோவும் நானா?" என்று இழுத்தார். ஆனால் என் முகத்தில் ஏதோ பார்த்திருக்க வேண்டும். மேலே கேட்கவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கையைக் கழுவி, விரலால் தலையை வாரிக்கொண்டு, ஒவ்வொரு கிண்ணமாகக் கண் மூடி எடுத்துக் குடித்தார். வாயாடி மனிதர், கடைசிக் கிண்ணம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கழுவி முடித்து, முதல் தண்ணீரை நந்தியாவட்டைக்கு ஊற்றிவிட்டு வந்தேன். சித்தப்பாவை ஆட்டோவில் அவர் வீட்டில் இறக்கிவிட்டோம். வழியெல்லாம் அவர் எனக்கும் கம்பிக்கும் நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த திருவிருந்துக்கு முந்தைய சனிக்கிழமை, கடையிலிருந்து வந்து நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ நிற்பது தெரிந்தது. சித்தப்பா. சலவைச் சட்டை போட்டிருந்தார். பஸ் பிடித்துத் தனியாகப் புதுப்பட்டினம் வரை வந்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமை வழக்கம் எங்கள் பக்கத்தில் போய் எவ்வளவோ காலமாகிறது. ஏன் வந்திருக்கிறார் என்று பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள வாங்க சித்தப்பா."

"வரன் இரு." வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். பேச்சை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர் போல இருந்தது. வந்தது இவ்வளவுதான்: "உங்க நைனாவாண்ட கேக்க முடியாது. அவன் பொண்ணு நீ கீற. அன்னிக்கு நான் தெறக்கல. மன்சுல வச்சிக்காத."

பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கோபம் பற்றியும் சொல்ல வேண்டும், அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று மாதம் முழுவதும் மனதுக்குள் பேசி வைத்திருந்தேன். ஆனால் வெளியே போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். "காபி ஆறிடும்" என்றேன். இருவரும் காபி குடித்தோம். வீட்டுக்காரர் வந்ததும் சாப்பாடு போட்டு, திருப்பி அனுப்பாமல், எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்தோம்.

மறுநாள் வரிசை நகர்ந்தபோது நான் எழுந்தேன். பெஞ்சில் என் பக்கத்திலிருந்த பெண் வழி விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு காலை ஒதுக்கிக்கொண்டாள். படிக்கட்டு வந்ததும் அதே இடத்தில் கால் தயங்கியது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பின்னால் சித்தப்பாவின் மூச்சு கேட்டது. அவருக்கு முழங்கால் மடங்காது. என் தோளில் கை வைத்து, முழு எடையையும் போட்டு, மெதுவாக இறங்கினார். கிண்ணங்கள் லேசாக இடித்துக்கொள்ளும் சத்தம் எங்களை நோக்கி வந்தது. ஆயர் எனக்குக் கொடுத்தார், அவருக்கும் கொடுத்தார். என் தோளில் இருந்த கை நடுங்கியது. என் தோளும் நடுங்கியிருக்கும்.

ஆராதனை முடிந்து, அலசிய தண்ணீரை நந்தியாவட்டை அடியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். வானம் வெளுத்திருந்தது. சித்தப்பா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னாமா, சக்கர ஜாஸ்தின்ன. இன்னிக்குக் கம்மியாதான கீது."

"மெதுவா பேசுங்க சித்தப்பா" என்றேன். "ஆயரம்மா ஜன்னலாண்டதான் நிக்கறாங்க."